சேலத்துல அரசு தொடக்கப்பள்ளிகளை எப்படி ஒப்பிட்டு பாக்கறது: ஒண்ணாவது சேர்க்கப் போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அரசு பள்ளியில தான் சேர்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, ஆனா எந்த அரசு பள்ளின்னு முடிவு பண்ணலையா, அப்போ இது உங்களுக்கு தான். சேலம் டவுனுக்குள்ள அம்மாபேட்டையோ, குகையோ, சூரமங்கலமோ, கொண்டலாம்பட்டியோ, எங்க இருந்தாலும் நடந்து போற தூரத்துல பெரும்பாலும் ரெண்டு மூணு பள்ளி இருக்கும். ஒரே அரசு, ஒரே புத்தகம், ஒரே சீருடை, அதனால எல்லாம் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லீங்க. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற ரெண்டு பள்ளிக்கு நடுவுல அவ்வளவு வித்தியாசம் இருக்கும், அது வெளிய இருந்து பாத்தா தெரியாது, புது பெயின்ட்ட பாத்தோ "ஆங்கில வழி உண்டு"ன்னு போட்ட பேனரை பாத்தோ தெரியவே தெரியாது.

நான் சொல்லப் போறதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணு: உங்க பிள்ளை உக்காரப் போற வகுப்புக்கு ஒரு டீச்சர் ஒரு நாள்ல எவ்வளவு நேரம் முழுசா கிடைப்பாங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

முதல் வேலை: பட்டியல் போடுங்க

ஒரு நோட்டு எடுத்துக்கங்க. கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரைக்கும் உள்ள பள்ளி வீட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், 6 முதல் 8 வரைக்கும்னா 3 கிலோமீட்டர். அதனால முதல்ல 1 கிலோமீட்டர் சுத்துல என்னென்ன இருக்குன்னு எழுதுங்க, அப்புறம் பஸ்ஸோ வண்டியோ வச்சு போக முடியற இன்னும் ஒண்ணு ரெண்டு சேர்த்துக்கங்க.

போர்டுல என்ன எழுதியிருக்குன்னு கவனிங்க. மாநகராட்சி எல்லைக்குள்ள மாநகராட்சி தொடக்கப்பள்ளி, மாநகராட்சி நடுநிலைப்பள்ளி. அயோத்தியாபட்டணம், வீரபாண்டி, பனமரத்துப்பட்டி, ஓமலூர் பக்கம் போனா ஊராட்சி ஒன்றிய பள்ளி, சேலம் மாவட்டத்துல மொத்தம் 20 ஒன்றியம் இருக்கு. இதோட ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மலையில பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளி. உதவி பெறும் பள்ளிங்கறது தனியார் நிர்வாகம், வாத்தியார் சம்பளம் அரசு தரும், சில இடத்துல இங்கிலீஷ் மீடியம் பிரிவு மட்டும் சுயநிதியா நடக்கும், அதுக்கு ஃபீஸ் இருக்கும், சேர்க்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.

தொடக்கப்பள்ளின்னா 5 வரைக்கும், நடுநிலைன்னா 8 வரைக்கும். பிள்ளைய 5 முடிஞ்சதும் மறுபடி வேற பள்ளி தேட வேண்டாம்னு நினைச்சா நடுநிலைப்பள்ளிக்கு ஒரு மார்க் கூட போடலாம், ஆனா அதுக்காக மட்டும் எடுக்காதீங்க. பெரிய பசங்களோட ஒரே மைதானம், ஒரே கழிப்பறைன்னா 5 வயசு பிள்ளைக்கு அதுவே ஒரு பயம்.

ரெண்டாவது: போன்லயே பாதி விஷயம் பாத்துரலாம்

இந்தியாவுல எல்லா பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் நம்பர், அதாவது பள்ளியோட அடையாள எண், இருக்கு, தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும். பெரும்பாலான பள்ளில போர்டுலயோ ஆபீஸ் ரூம் சுவத்துலயோ எழுதியிருப்பாங்க. யுடைஸ் பிளஸ் வெப்சைட்ல "உங்கள் பள்ளியை அறியுங்கள்"ங்கற மாதிரி ஒரு பக்கம் இருக்கு, அதுல நம்பர் போட்டா மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை எத்தனை, எந்த மீடியம், கழிப்பறை எத்தனைன்னு வரும்.

இதுல ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கங்க. ஒண்ணு, அது போன கல்வியாண்டு கணக்கு, நடுவுல டீச்சர் மாறுதல்ல போயிருக்கலாம், புதுசா வந்திருக்கலாம். ரெண்டு, கழிப்பறை "இருக்கு"ன்னு போட்டிருந்தா இருக்கு அவ்வளவுதான், தண்ணி வருதா, தாழ்ப்பாள் இருக்கான்னு வெப்சைட் சொல்லாது.

வகுப்பு வாரியா எண்ணிக்கை கிடைச்சா அத நிதானமா படிங்க. 5-ஆம் வகுப்புல 25 பேர், 1-ஆம் வகுப்புல 4 பேர்னா அந்த பள்ளி சுருங்கிட்டு வருது, சுருங்குனா அடுத்து பணியிடமும் குறையும். சில பள்ளில 1, 2-ல நல்லா இருக்கும், 3-ல திடீர்னு பாதியா குறையும், அப்படின்னா சேர்த்துட்டு வெளிய எடுத்துட்டு போறாங்கன்னு அர்த்தம், ஏன்னு அந்த தெருவுல விசாரிங்க. குடும்பம் வேலைக்காக இடம் மாறுறதும் காரணமா இருக்கலாம், தறி ஓட்டறவங்களும் வெள்ளிப் பட்டறை வேலை செய்யறவங்களும் வாடகை வீடு மாத்திட்டே இருப்பாங்க, அதனால ஒரே வருஷத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வருஷம் பாருங்க.

பேப்பர்ல வர்ற மாவட்ட அளவு அடைவுத் தேர்வு முடிவையெல்லாம் இதுக்கு எடுத்துக்காதீங்க. சேலம் மாவட்டம் எத்தனாவது இடம்ங்கறது உங்க தெரு பள்ளிய பத்தி ஒண்ணும் சொல்லாது.

மூணாவது: டீச்சர் கணக்கு

இத பொறுமையா படிங்க, ஏன்னா இங்க தான் பெரும்பாலானவங்க தப்பான பள்ளிய நல்ல பள்ளின்னு நினைச்சிடறாங்க.

சட்டப்படி 1 முதல் 5 வகுப்பு வரைக்கும் 60 பிள்ளைங்க வரைக்கும் 2 டீச்சர், 61 முதல் 90 வரைக்கும் 3, 91 முதல் 120 வரைக்கும் 4, 121 முதல் 200 வரைக்கும் 5, 150-க்கு மேல போனா தலைமையாசிரியர் தனியா. அதாவது 120 வரைக்கும் 30-க்கு ஒருத்தர்.

இப்ப சும்மா ஒரு கணக்குக்கு ரெண்டு பள்ளிய எடுத்துக்குவோம். முதல் பள்ளில 40 பிள்ளைங்க, 2 டீச்சர், அதாவது 20 பேருக்கு ஒருத்தர். ரெண்டாவது பள்ளில 110 பிள்ளைங்க, 4 டீச்சர், கிட்டத்தட்ட 28 பேருக்கு ஒருத்தர். பாத்தா முதல் பள்ளி தான் நல்லாருக்கற மாதிரி தெரியுது இல்லீங்களா. ஆனா முதல் பள்ளில 5 வகுப்ப 2 பேர் பிரிச்சுக்கறாங்க. ஒருத்தர் 1, 2, 3 மூணு வகுப்பையும் ஒரே ரூம்ல வச்சிருப்பாங்க, இன்னொருத்தர் 4, 5. அதுல ஒருத்தர் பயிற்சிக்கு போனாலோ, லீவு போட்டாலோ, வட்டார ஆபீஸுக்கு மீட்டிங் போனாலோ அன்னைக்கு 5 வகுப்பும் ஒருத்தர் கையில. ரெண்டு பேர்ல ஒருத்தர் தலைமையாசிரியர்ங்கறதையும் மறந்துராதீங்க, ஆன்லைன் பதிவு, சத்துணவு கணக்கு, ஆதார் அப்டேட்டுன்னு அவங்க நேரத்துல பாதி அதுக்கே போகும். ரெண்டாவது பள்ளில தலைக்கு கொஞ்சம் கூட இருந்தாலும் ஒரு வகுப்புக்கு கிட்டத்தட்ட ஒரு ஆள் இருக்காங்க, ஒருத்தர் வரலைன்னாலும் பள்ளி நடக்கும்.

அதனால விகிதத்த கேக்காதீங்க, "ஒண்ணாவத யார் எடுக்கறாங்க, அவங்களே வேற எந்த வகுப்பு எடுக்கறாங்க, அவங்க வராத அன்னைக்கு யார் பாத்துக்குவாங்க"ன்னு கேளுங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சின்ன வகுப்புல வாசிக்கறது, எழுதறது, கணக்கு போடறத உறுதிப்படுத்தற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்ததுல இருந்து 1 முதல் 3 வரைக்கும் பிள்ளைங்கள வகுப்பா பிரிக்காம படிக்கற நிலைய வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு தான் சொல்லித் தரணும், 2023-ல அது 4, 5-க்கும் வந்துச்சு. அதனால மூணு வகுப்பும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கறத பாத்த உடனே மோசம்னு முடிவு பண்ண முடியாது. நல்ல டீச்சர் கையில அந்த ரூம் அருமையா நடக்கும், ஒரு குரூப் கார்டு வச்சு எழுத்து கூட்டிட்டு இருக்கும், ஒரு குரூப் எழுதிட்டு இருக்கும், ஒரு குரூப்போட டீச்சர் தரையில உக்காந்திருப்பாங்க. அது நடக்குதா, இல்ல மூணு வகுப்பும் போர்ட பாத்து காப்பி அடிச்சிட்டு இருக்கான்னு நேர்ல போய் தான் பாக்கணும். என்னைக் கேட்டா, 2 டீச்சர் பள்ளியா இருந்தாலும் அந்த ரெண்டு பேரும் பல வருஷமா அங்கயே இருக்கறவங்கன்னா நம்பி சேர்க்கலாம். 2 டீச்சர்ல ஒருத்தர் மாற்றுப்பணில, அதாவது வேற பள்ளில இருந்து தற்காலிகமா, வந்தவர்னா யோசிக்கணும்.

நாலாவது: நேர்ல போங்க

வேலை நாள்ல போங்க, தலைமையாசிரியர்கிட்ட அனுமதி கேட்டுட்டு உள்ள போங்க. காலைல பிரேயர் நேரத்துல போனா ரொம்ப நல்லது, டீச்சருங்க எத்தனை பேர் அந்த நேரத்துக்கு வந்திருக்காங்கன்னு கண்ணால பாக்கலாம், காலை உணவும் அப்ப தான் முடிஞ்சிருக்கும்.

எப்படி பேச ஆரம்பிக்கறதுன்னு தயங்கறவங்களுக்கு: "வணக்கம் டீச்சர், எம்பொண்ண ஒண்ணாவது சேர்க்கலாம்னு இருக்கோம், வகுப்பறைய ஒரு தடவை பாத்துக்கலாங்களா"ன்னு கேட்டாலே போதும். சேர்க்கை குறைஞ்சிட்டே வர்ற காலம் இது, பெரும்பாலான எச்எம் சந்தோஷமா கூட்டிட்டு போய் காட்டுவாங்க. ஆடிட் பண்ண வந்த மாதிரி கேக்காதீங்க, அவங்க ஏற்கனவே ஆயிரம் பேருக்கு பதில் சொல்லிட்டு இருக்கறவங்க. எல்லா கேள்வியும் மரியாதையா கேட்டா எல்லாத்துக்கும் பதில் வரும்.

உள்ள போனதும் 2-ஆம் வகுப்பு, 3-ஆம் வகுப்பு பிள்ளைங்க நோட்டு நாலஞ்சு வாங்கி புரட்டுங்க. எல்லா நோட்டுலயும் ஒரே வரி, ஒரே வார்த்தை, ஒரு பிழை கூட இல்லைன்னா அது போர்ட பாத்து எழுதுனது. பிழை இருக்கு, அத டீச்சர் சிவப்பு மையில வட்டம் போட்டு திருத்தியிருக்காங்க, கீழ பிள்ளை மறுபடி சரியா எழுதியிருக்குன்னா அந்த வகுப்புல படிப்பு நடக்குது. ஆனா கடைசியா திருத்துன தேதி எதுன்னு பாருங்க. எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலும் வாங்கி பாருங்க, பருவம் முடியப் போற நேரத்துல பாதி பக்கம் காலியா இருந்தா ஏன்னு கேக்கறதுல தப்பில்ல.

அப்புறம் பிள்ளைங்க டீச்சர்கிட்ட எப்படி பேசுதுங்கன்னு கவனிங்க. டீச்சர் பக்கத்துல வந்தா ஒடுங்கற பிள்ளைங்களா, இல்ல "டீச்சர் டீச்சர் நான் முடிச்சிட்டேன்"னு கைய இழுக்கற பிள்ளைங்களா. ஸ்மார்ட் போர்டு இருக்கறதும் இல்லாததும் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

கழிப்பறைய நீங்களே போய் பாருங்க, வீட்டுல பொம்பளைங்க யாராவது போய் பொம்பளப் பிள்ளைங்க கழிப்பறைய பாக்கட்டும். தண்ணி, தாழ்ப்பாள், நாத்தம், சுத்தம் பண்ண ஆள் வர்றாங்களா. தண்ணியில்லாத கழிப்பறைன்னா பிள்ளைங்க காலைல இருந்து தண்ணி குடிக்காம அடக்கிட்டே இருக்கும், அது உடம்புக்கு வர்ற கேடு. இது மட்டும் நான் மார்க் போடற விஷயமா வைக்க மாட்டேன். சரியில்லைன்னா, எப்ப சரி பண்ணுவாங்கன்னு தெளிவான பதில் இல்லைன்னா, அந்த பள்ளிய பட்டியல்ல இருந்தே எடுத்துருங்க.

அஞ்சாவது: சாயங்காலம் கேட்டுக்கு போங்க, ஒரு பிள்ளைய படிக்கச் சொல்லுங்க

சாயங்காலம் நாலு மணி வாக்குல பிள்ளைங்கள கூட்டிட்டு போக வர்ற அம்மாக்கள், பாட்டிங்க சொல்ற விஷயம் எந்த வெப்சைட்லயும் கிடையாது. "நல்லாருக்கா"ன்னு கேட்டா "நல்லாருக்கு"ன்னு தான் வரும். "போன வாரம் எத்தனை நாள் உங்க டீச்சர் வந்தாங்க", "ஏதாவது குறைன்னா யார்கிட்ட சொல்வீங்க, சொன்னா நடக்குதா", "உங்க ரெண்டாவது பிள்ளையையும் இங்கயே தான் போடுவீங்களா"ன்னு கேளுங்க. கடைசி கேள்விக்கு யோசிக்காம "ஆமாங்க"ன்னு வந்துச்சுன்னா அது பெரிய சாட்சி.

உங்க தெருவுலயே அந்த பள்ளில 3-ஆம் வகுப்பு முடிச்ச பிள்ளை இருந்தா, அவங்க வீட்டுல கேட்டுட்டு, 2-ஆம் வகுப்பு தமிழ் புத்தகத்துல ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்க, கடன் வாங்கி கழிக்கற கழித்தல் ஒண்ணு போடச் சொல்லுங்க. ஒரு பிள்ளைய வச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு நாலு பேராவது வேணும், படிப்புல சூட்டிகையான பிள்ளையா பாத்து தேர்ந்தெடுக்காதீங்க, சாதாரணமா படிக்கற பிள்ளை தான் பள்ளியோட உண்மைய சொல்லும். அன்பா, விளையாட்டா கேளுங்க, தப்பா படிச்சா திருத்தி அவமானப்படுத்தாதீங்க.

இங்கிலீஷ் மீடியம் பத்தி

2012-13-ல இருந்து அரசு தொடக்கப்பள்ளிகள்ல ஆங்கில வழிப் பிரிவு ஆரம்பிச்சாங்க. சின்ன பள்ளில தமிழ் வழி, ஆங்கில வழி ரெண்டுக்கும் ஒரே டீச்சர், ஒரே ரூம், புத்தகம் மட்டும் வேற. அதனால "இங்கிலீஷ் மீடியம் இருக்கா"ங்கறது கேள்வி இல்ல, "ஆங்கில வழிக்குன்னு தனி டீச்சர் இருக்காங்களா"ங்கறது தான் கேள்வி. இல்லைன்னா தமிழ் வழில போடறது தான் பிள்ளைக்கு நல்லதுன்னு நான் உறுதியா சொல்வேன், எழுத்து கூட்டி படிக்கறது கைக்கு வந்துட்டா அப்புறம் இங்கிலீஷ் வரும். சேலத்துல வீட்டுல சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது பேசற குடும்பங்க நிறைய, அந்த பிள்ளைங்களுக்கு தமிழே பள்ளில தான் ஒழுங்கா வரும், அதுக்கு பொறுமையான டீச்சர் இருக்காங்களான்னு கேட்டுக்கங்க.

சாப்பாடும் வழியும்

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துருச்சு, மதியம் சத்துணவு முட்டையோட. விடிகாலைல தறிக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்ல. எல்லா பள்ளிலயும் இருக்கறதால ஒப்பிட வேண்டியது ஒண்ணு தான்: பிள்ளைங்க தட்ட காலி பண்ணுதுங்களா.

வழி ரொம்ப முக்கியம். கிழக்க இருக்கற பள்ளி நல்லா இருக்கும், ஆனா நடுவுல பைபாஸ் ரோடு ஓடும். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்றது புரியும். கூட போய் விட ஆள் இருந்தா சரி, இல்லைன்னா ரோட்ட தாண்டாத பள்ளிய எடுங்க. ஒரு தடவை பிள்ளையோட நடந்தே போய் பாருங்க, வண்டில போய் பாக்காதீங்க.

ஏற்காட்டுக்கு கணக்கு வேற

மலையில இருக்கறவங்களுக்கு மேல சொன்னதுல பாதி பொருந்தாது. அங்க 1 கிலோமீட்டர்ங்கறது காபி தோட்டத்துக்குள்ள ஏறி இறங்கற 1 கிலோமீட்டர், காட்டெருமை நடமாட்டம் வேற. ஐப்பசி, கார்த்திகை மழைல பனிமூட்டம் விலகவே பத்து மணி ஆகும். அங்க முதல் கேள்வி, டீச்சர் மலையில தங்கியிருக்காங்களா, சேலத்துல இருந்து தினமும் பஸ் ஏறி வர்றாங்களா. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் உள் கிராமத்துக்கு இன்னொரு வண்டி பிடிச்சு வர்றவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் பஸ் லேட்டுன்னா வகுப்பு லேட்டு, மண் சரிஞ்சு ரோடு அடைச்சா அன்னைக்கு வகுப்பே இல்ல. உள்ளூர்லயே தங்கற ஒரு டீச்சர் இருக்கற பள்ளி மலையில தங்கம்.

ரெண்டாவது, காபி பழம் பறிக்கற சீசன்ல, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும், பிள்ளைங்க வருகை எப்படின்னு கேளுங்க. அப்பா அம்மா தோட்டத்துலயே தங்கிட்டா பிள்ளையும் கூட போயிடும். அந்த மாசங்கள்ல வீடு தேடி போய் கூட்டிட்டு வர்ற பள்ளி எது, பேர் மட்டும் ரிஜிஸ்டர்ல வச்சிருக்கற பள்ளி எதுன்னு ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரியும். பள்ளி இல்லாத குடியிருப்புக்கு வண்டி வசதியோ போக்குவரத்து உதவித்தொகையோ உண்டான்னு வட்டார வள மையத்துல (ஒன்றிய அளவுல இருக்கற கல்வித் துறை மையம்) கேளுங்க. மலைப் பகுதி பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் அரசே தரும், அது மழைக்கு முன்னாடி கைக்கு வந்துச்சா, மழை முடிஞ்சு வந்துச்சான்னும் கேளுங்க.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி பத்தி கேக்கறவங்களுக்கு என் கருத்து: பக்கத்துல பகல் பள்ளி ஒண்ணு சுமாரா நடந்தாலும் 5, 6 வயசு பிள்ளைய விடுதில விடாதீங்க. வேற வழியில்லைன்னா ராத்திரி யார் கூட இருக்காங்க, வார்டன் அங்கயே தங்கறாங்களா, காய்ச்சல்னா எங்க கூட்டிட்டு போவாங்க, வீட்டுக்கு எப்படி தகவல் வரும், இந்த நாலையும் கேட்டு, சாயங்காலம் இருட்டுன நேரத்துல ஒரு தடவை போய் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

6-ஆம் வகுப்பு கணக்க இப்பவே தெரிஞ்சுக்கங்க

மருத்துவப் படிப்புல அரசு பள்ளி பிள்ளைங்களுக்கு தர்ற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, காலேஜ் போற பிள்ளைக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டம், இதுக்கெல்லாம் 6-ல இருந்து 12 வரைக்கும் எங்க படிச்சாங்கங்கறது தான் கணக்கு. 7.5 சதவீதம் அரசு உதவி பெறும் பள்ளிக்கு கிடையாது. அதனால உதவி பெறும் நடுநிலைப்பள்ளில ஒண்ணாவது போடறவங்க 5 முடிச்சதும் அரசு பள்ளிக்கு மாத்தறத பத்தி இப்பவே வீட்டுல பேசி வைங்க.

எப்படி முடிவு பண்றது

மொத்தமா மார்க் கூட்டிப் பாக்காதீங்க. முதல்ல கழிப்பறை, தண்ணி, வழி மூணுல எது தோத்தாலும் அந்த பள்ளி வெளிய. மிச்சம் இருக்கறதுல ஒண்ணாவதுக்கு முழு நேரமா டீச்சர் கிடைக்கற பள்ளி எது, அதுல 3-ஆம் வகுப்பு பிள்ளை சரளமா படிக்குதா. இது ரெண்டும் சமமா இருந்தா தான் மைதானம், மீடியம், 8 வரைக்கும் இருக்குதா, தூரம். பக்கத்துல இருக்கற சுமாரான பள்ளியா, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற நல்ல பள்ளியான்னா, கூட்டிட்டு போக ஆள் இருக்கற வரைக்கும் நல்ல பள்ளி.

ஒண்ணு மட்டும் நினைவு வைங்க, டீச்சருங்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வு பெரும்பாலும் கோடைல தான் நடக்கும். மார்ச்ல பாத்த டீச்சர் ஜூன்ல இல்லாம போகலாம். அதனால பள்ளி திறக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை விசாரிங்க. டீச்சர் மாறுனாலும் பள்ளிய தாங்கிப் பிடிக்கறது பள்ளி மேலாண்மைக் குழு, அதுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பெண்கள். அதோட தலைவர் யாருன்னு கேளுங்க, கடைசியா எப்ப கூடுனாங்க, என்ன தீர்மானம் போட்டாங்க, அது நடந்துச்சான்னு கேளுங்க. காம்பவுண்ட் சுவர் கேட்டு தீர்மானம் போட்டு வாங்குன குழு இருக்கற பள்ளிக்கும், கையெழுத்துக்கு மட்டும் கூடுற குழு இருக்கற பள்ளிக்கும் ரெண்டே வருஷத்துல வித்தியாசம் தெரிஞ்சிரும்.

சேர்க்கும் போது

5 வயசு முடிஞ்சிருக்கணும். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, போட்டோ எடுத்துட்டு போங்க, ஆனா வயசுச் சான்று இல்லைங்கறதுக்காக சேர்க்கைய மறுக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. பிள்ளைக்கு காது, கண்ணு, பேச்சு, நடைல ஏதாவது சிரமம் இருந்தா மறைக்காம சொல்லுங்க, வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருக்காங்க, எந்தெந்த நாள் அந்த பள்ளிக்கு வருவாங்கன்னு கேட்டு எழுதிக்கங்க.

யாராவது சேர்க்க மாட்டேன்னு சொன்னாலோ காசு கேட்டாலோ வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட எழுதிக் கொடுங்க, இல்லைன்னா கல்வித் துறை உதவி எண் 14417-க்கு போன் போடுங்க. கட்டடம், தண்ணி பிரச்சினைன்னா மாநகராட்சி பள்ளிக்கு மண்டல அலுவலகம், ஒன்றியப் பள்ளிக்கு ஊராட்சியும் ஒன்றிய ஆபீஸும்.

ஏற்கனவே தனியார் பள்ளில எல்கேஜி, யுகேஜி படிச்ச பிள்ளைன்னா அங்க இருந்து எமிஸ் நம்பர (கல்வித் துறை ஆன்லைன் பதிவுல பிள்ளைக்கு இருக்கற எண்) விடுவிச்சாங்களான்னு மட்டும் உறுதி பண்ணிக்கங்க. அது விடுபடாம புது பள்ளில பதிவு ஏறாது, பதிவு ஏறலைன்னா புத்தகம், சீருடை கணக்குல பேர் வராம இழுத்துட்டே போகும். டிசி (மாற்றுச் சான்றிதழ்) வர்ற வரைக்கும் பிள்ளைய வீட்டுல வச்சிருக்காதீங்க, டிசி வரலைங்கறத காரணம் காட்டி சேர்க்கைய தள்ளிப் போடக் கூடாது, முதல் நாளே கொண்டு போய் உக்கார வைங்க, பேப்பர் வேலை பின்னாடி நடக்கட்டும்.